நுனி தொங்கக் கூடாது

பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு, தவிர்க்க இயலாத காரணங்களால், எங்கள் வீட்டில் இணையச் சேவை நின்றுபோனது. மீண்டும் எப்போது வழங்கப்படும் என்பது பின்னர் தெரிவிக்கப்படும். இதனால் உலகத்துக்கு ஏற்பட்ட சிரமங்களுக்கு வருந்துகிறோம்.

எனக்கு இப்படித்தான் எழுத வரும். குடிநீர் வாரியத்தில் அறிவிப்புப் பிரிவில் வேலை. எந்தத் தெருவில் எந்த நாளில் தண்ணீர் வராது என்பதை மரியாதையான வார்த்தைகளில் சொல்வது என் உத்தியோகம். இருபத்திரண்டு வருடங்களில் குறைந்தது நாலாயிரம் தடவை வருந்தியிருப்பேன். ஒரு தடவைகூட மனசு வருந்தியதில்லை. 'தவிர்க்க இயலாத காரணங்கள்' என்பதும் அந்த ரகம்தான். அநேகமாக, திருகக் கூடாத ஒன்றை யாரோ ஒருவர் திருகியிருப்பார். அவர் யார் என்று அலுவலகத்தில் பியூன்வரை எல்லோருக்கும் தெரியும். அறிவிப்புக்கு மட்டும் தெரியாது.

என் மனைவி நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை முடிந்தவர்களைக் கொண்டுவந்து கிடத்தும் வார்டில் இருபத்தொரு வருடம். புதிதாக வரும் நர்சுகளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லித்தருவதிலிருந்து, முதல் மரணத்தைப் பார்த்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுபவளை வெளியே அழைத்துவருவதுவரை எல்லாம் அவள்தான். ஆனால் பயிற்றுநர் என்ற பதவி அவளுக்குக் கிடையாது. அதற்கென்று வருடத்துக்கு ஒருமுறை தேர்வு உண்டு. முந்தின வருடம் தேர்வு நாளன்று எங்கோ ஒரு பேருந்து கவிழ்ந்து பதினோரு பேரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவள் சீருடையோடு அங்கேயே நின்றுவிட்டாள். அதற்கும் முந்தின வருடம் எனக்குக் குடலிறக்க அறுவை. இந்த வருடமும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் தேர்வும் இல்லை, பதவியும் இல்லை.

இந்தத் தடவை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம் என்று ஒரு சலுகை அறிவித்திருந்தார்கள். சலுகையோடு ஒன்றரைப் பக்க விதிகள். கதவு சாத்திய அறை வேண்டும். கேமராவைச் சுழற்றி நாலு சுவரையும் காட்ட வேண்டும், மேசைக்கு அடியையும் காட்ட வேண்டும். பத்தரை மணிக்கு வாசல் திறக்கும், பதினோரு மணிக்கு மூடும். அதன்பின் வரும் எந்தக் காரணமும் ஏற்கப்படமாட்டாது. அதை எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் எங்கள் தொழில்காரர் என்பது நடையிலேயே தெரிந்தது.

அன்று காலை எட்டு மணிக்கு அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு உதவி.

"அந்த ரூமை மட்டும் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வைங்க. மேசைக்கு அடியக்கூடக் காட்டணுமாம்."

அந்த ரூம் எங்கள் மகளுடையது. அவள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போகும்போது தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் களத்தில் இறங்கினேன். மை வற்றிய பேனாக்கள் பதினான்கு. ஒற்றைக் காலுறை மூன்று. அவற்றையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டுக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தால், வயர்கள் சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை முறிந்த நிலையில் கிடந்தன.

எங்கள் அலுவலகத்தில் கோப்புகளைக் கட்ட ஒரு பச்சை டேக் உண்டு. சாண் நீளக் கயிறு, இரண்டு நுனியிலும் தகரப் பூண். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த கண்காணிப்பாளர் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. டேக்கின் நுனி தொங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார். தொங்கினால் கோப்பு திரும்பி வந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் நான் தேறிவிட்டேன். நுனியை உள்ளே மடித்து இரட்டை முடிச்சுப் போட்டு, முடிச்சையும் உள்ளே தள்ளிவிடுவேன். எங்கள் பிரிவின் முடிச்சு அது. வேறு எங்கும் யாரும் போடமாட்டார்கள்; தேவையில்லாததால்.

வீட்டில் எப்போதும் ஒரு கட்டு டேக் இருக்கும். வயர்களை எல்லாம் சேர்த்துப் பிடித்து நாலு இடத்தில் கட்டினேன். ஒன்றின் நுனி மட்டும் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டு நின்றது. அதன் மறுமுனை மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த ஐந்து துளைப் பெட்டியில் இருந்தது. இந்த நுனி அநாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே பெட்டியில் ஒரு துளை காலியாக இருந்தது. நுனியும் துளையும் அச்சு அசல் பொருத்தம். செருகினேன். 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், ஓய்வு பெறும் நாளில்கூட எனக்கு அப்படி ஒரு நிறைவு கிடைக்குமா தெரியாது.

எட்டு ஐம்பதுக்கு அவள் கணினியைத் திறந்தாள். இணையம் இல்லை.

ஹாலில் அலமாரிமேல் ரூட்டர் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து வைத்த பிரதானப் பெட்டி. எங்கள் கட்டடத்தின் சுவர்கள் கோட்டைச் சுவர்கள். ஹாலில் இருக்கும் வைஃபை அந்தப் பின்னறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் போன வருடம் ஹாலிலிருந்து ஒரு நீண்ட வயர் இழுத்து அறையில் இந்த ஐந்து துளைப் பெட்டியை மாட்டினார்கள். அதிலிருந்து மேசைக் கணினிக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, மகளின் மடிக்கணினிக்கு ஒன்று. கைபேசிச் சிக்னலோ பால்கனி மூலையில் நின்று கையை வெளியே நீட்டினால் மட்டும் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து தேர்வு எழுத முடியாது. கதவு சாத்திய அறை என்பது விதி.

அன்று ஹாலிலும் வைஃபை செத்திருந்தது. பால்கனி மூலைக்குப் போய்க் கையை நீட்டி என் மைத்துனனைக் கூப்பிட்டேன்.

மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. ஒரு பெரிய நிறுவனத்தில் கணினி வலையமைப்புத் துறையின் துணை இயக்குநர். அவருடைய விசிட்டிங் கார்டில் பதவி முன்பக்கம் முடியாமல் பின்பக்கத்துக்குத் திரும்பும். அவருக்குக் கீழே ஒன்பது பேர். வயரைத் தொடுவது அந்த ஒன்பது பேரின் வேலை. வயரைப் பற்றிக் கூட்டம் போடுவது இவருடைய வேலை. பன்னிரண்டு வருடங்களாக அவர் கைபட்ட ஒரே வயர் அவருடைய போன் சார்ஜர். எங்கள் வீட்டில் அந்த நீண்ட வயரை இழுத்ததுகூட அந்த ஒன்பதில் ஒருவர்தான். இவர் கூட வந்து டீ குடித்தார்.

பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டார். தோளில் ஒரு கருவிப் பை. உள்ளே என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாது. திறக்கவே இல்லை.

"மாமா, நீங்க தள்ளி நில்லுங்க. இதெல்லாம் லேயர் லேயரா பார்க்க வேண்டிய விஷயம்" என்றார். பிறகு ரூட்டரை அணைத்துப் போட்டார்.

வந்தது. இணையம் வந்தது. கையை உயர்த்தினார், நான் கைகூப்பவே போய்விட்டேன். அரை நிமிடம் இருந்துவிட்டுப் போய்விட்டது. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடி வந்து, மறுபடி போனது. ஐந்தாவது தடவையோடு முதல் லேயர் முடிந்தது.

இதற்குள் மேல்மாடியிலிருந்து தலைமைப் பொறியாளர் வந்துவிட்டார். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. இன்னும் எல்லோருக்கும் அவர் தலைமைப் பொறியாளர்தான், வாசலில் பலகையும் அப்படித்தான். மூன்று பாலங்கள் கட்டியவர். மூன்றும் நிற்கின்றன என்பதை வாரத்துக்கு ஒருமுறை எங்களுக்கு உறுதிப்படுத்துவார். யார் வீட்டில் எது கெட்டாலும் சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு ஆஜராகிவிடுவார். சுவரிலிருந்த பிளக்கில் டெஸ்டரை வைத்தார். அதன் விளக்கு எரிந்ததைப் பார்த்து, விளக்கு எரிந்த விதம் தனக்குப் பிடிக்கவில்லை என்றார்.

"எர்த் சரியில்ல தம்பி. எர்த் சரியில்லன்னா மனுஷனுக்கே மூளை ஓடாது."

இயக்குநர்கள் பொறியாளர்களிடம் நேரடியாகப் பேசுவதில்லை. மைத்துனன் அறைக்குள் போய் ஐந்து துளைப் பெட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தார். அதன் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்த மாதிரி சிமிட்டிக்கொண்டிருந்தன. டிராஃபிக் நன்றாக இருக்கிறது, பெட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்து, கேபிள் நிர்வாகம் பிரமாதம், எங்கள் ஆபீசில்கூட இப்படி இல்லை என்றும் சொன்னார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

என் மனைவி சமையலறையில் நின்றபடி குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு தடவையும் நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் அவளைப் படிக்கச் சொல்லி அனுப்பினோம். அன்று நாங்கள் ஒருமனதாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மூன்றாவது தடவை மைத்துனனே கூப்பிட்டார். ரூட்டரின் முதுகில் ஒரு குட்டித் துளை இருக்கிறது, அதற்குள் விட ஹேர்பின் வேண்டும். தலையிலிருந்து கழற்றிக் கொடுத்துக்கொண்டே அவள், அதை அமுக்கினால் உள்ளே இருக்கிற பாஸ்வேர்டெல்லாம் போய்விடாதா என்று கேட்டாள். அக்கா, நீ போய்ப் படி என்றார். அமுக்கினார்.

பாஸ்வேர்டெல்லாம் போய்விட்டது. இதுவரை அரை நிமிடமாவது வந்துகொண்டிருந்த இணையம் இப்போது அதுவும் வரவில்லை. ரூட்டரில் புதிதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படி ஒரு விளக்கு அதில் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். மணி ஒன்பது நாற்பத்தைந்து.

கம்பெனிக்குப் போன் செய்தோம். பால்கனி மூலையில் மைத்துனன் கையை நீட்டிக்கொண்டு நிற்க, ஸ்பீக்கரில் இசை. எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் நிமிடத்துக்கு ஒருமுறை உறுதியளித்தது. அந்த வாசகத்தைக் கேட்டு எனக்குத் தொழில் ரீதியாக ஒரு மரியாதை வந்தது. அதை எழுதியவரும் மனசு வைத்து எழுதவில்லை.

பத்தொன்பது நிமிடம் கழித்து ஒரு பெண் பேசினாள். சிறு வயசுக் குரல், கொஞ்சம் ஜலதோஷம். கணக்கைத் தேடி எடுத்து, புது பாஸ்வேர்டு போட்டு, அதை ஒவ்வொரு எழுத்தாக, நாங்கள் நாலு தடவை தப்பாகத் திருப்பிச் சொல்லியும் குரல் மாறாமல் ஐந்தாவது தடவையும் சொன்னாள். சிவப்பு விளக்கு அணைந்தது. இணையம் வந்தது. அரை நிமிடம். போய்விட்டது.

"சார், மெயின் பெட்டியிலேர்ந்து வெளிய போற ஒயரை எல்லாம் ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்களேன்" என்றாள்.

"இங்க பாரும்மா, நான் இந்தத் துறையிலதான் துணை இயக்குநர். பிரச்சினை உங்க பக்கம்" என்றார் மைத்துனன். பேச்சு வேகத்தில் நீட்டிய கையை மடக்கினார். சிக்னல் போய்விட்டது.

அந்தப் பெண்ணுக்கு இங்கே ஒரு வார்த்தை. தாயே, உன் பேர் தெரியாது. அந்த வீட்டில் அன்று காலை வெளியிலிருந்து வந்த ஒரே புத்தி உன்னுடையது. அதைக் கேட்காமல் போனதற்கு இந்தத் தடவை நிஜமாகவே வருந்துகிறேன்.

மணி பத்து பதினெட்டு. தலைமைப் பொறியாளர் பழைய காலண்டர் தாளின் முதுகில் கட்டடத்தின் எர்த் எங்கே போகிறது என்று படம் போட்டுக்கொண்டிருந்தார். மைத்துனன் தன் ஒன்பது பேரில் ஒருவரைக் கூப்பிடுவதா, கூப்பிட்டால் தன் மரியாதை என்னாவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். தேர்வு வாரியத்துக்கு மனசுக்குள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று ஆரம்பித்தது.

அப்போதுதான் அவள் சமையலறையிலிருந்து வந்தாள். குறிப்புகளை மூடி வைத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, பதற்றம் இல்லை. வார்டில் அவளைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். நான் குடலிறக்கத்தோடு அந்த வார்டில் ஆறு நாள் படுத்திருந்தவன், எனக்கும் தெரியும்.

"எல்லாரும் கொஞ்சம் கையை எடுங்க."

எடுத்தோம். தலைமைப் பொறியாளர்கூட காலண்டர் தாளிலிருந்து கையை எடுத்தார்.

"அக்கா, இது உனக்குப் புரியாது..."

"புரிய வேண்டாம்டா. எங்கேருந்து எங்க போகுதுன்னு பார்த்தாப் போதும்."

அறைக்குள் போனாள். நேராகக் கணினியிடம்தான் போனாள், பெட்டியிடம் அல்ல. பெட்டியின் விளக்குகளைப் போகிற போக்கில் ஒருதரம் பார்த்தாள்.

"எல்லா விளக்கும் ஒண்ணாச் சேர்ந்து அடிச்சுக்குது. வார்டுல எல்லா மெஷினும் ஒரே நேரத்துல கத்தினா நோயாளிக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம். ஒயர்லதான் ஏதோ இருக்கு."

அவர்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது புதிதாக வரும் நர்ஸ் ஒவ்வொரு கட்டிலுக்கும் போய், நோயாளி உடம்பில் குழாய் நுழைகிற இடத்தில் இரண்டு விரலை வைப்பாள். அங்கிருந்து விரலை எடுக்காமல் குழாயோடேயே போய்ப் பாட்டிலைத் தொட வேண்டும். ஒட்டியிருக்கும் சீட்டை நம்பக் கூடாது. போன ஷிப்ட் நர்ஸ் சொன்னதை நம்பக் கூடாது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு மருந்து ஏற்றினார்களாம். பாட்டில் சொட்டுகிறது, மெஷின் எண் காட்டுகிறது, பெரிய டாக்டர் வந்து நோயாளி தேறிவருவதாகவும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவள் விரல் வைத்துப் போனால் குழாயின் மறுமுனை தலையணைக்கு அடியில் இருந்தது. அதுவரை தேறிவந்தது மெத்தைதான்.

அதே இரண்டு விரல். கணினியின் முதுகில் வயர் நுழைகிற இடத்தில் வைத்தாள். மறு கையில் கத்தரிக்கோலோடு மேசைக்கு அடியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். என் முதல் டேக் வந்தது. வெட்டினாள். இரண்டாவது டேக். வெட்டினாள். ஒவ்வொரு வெட்டும் எனக்குள் எங்கோ விழுந்தது. முதல் வயர் கணினியிலிருந்து பெட்டிக்குப் போனது, சரி. இரண்டாவது பிரிண்டரிலிருந்து பெட்டிக்கு, சரி. மூன்றாவது சுவர் வழியாக ஹாலுக்கு; சரி. நாலாவதில் விரலை வைத்தாள். அது பெட்டியிலிருந்து கிளம்பி, மேசைக்கு அடியில் என் கட்டுக்குள் மரியாதையாக நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்து, அதே பெட்டிக்குள் போனது.

அவள் விரல் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது.

மைத்துனனின் முகத்தில் அப்போது ஓடியதை நான் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்த ஏதோ ஒன்று மெதுவாக எழுந்து வந்தது. பெட்டி அனுப்பும் செய்தி அந்த வயர் வழியாக அதற்கே திரும்பி வந்துவிடும், புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பும், அதுவும் திரும்பி வரும், கொஞ்ச நேரத்தில் பாதை முழுக்க இதுவே அடைத்துக்கொள்ளும் என்று அவர் பிற்பாடு விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் அலுவலகத்தில் என் மேசையிலிருந்து கிளம்பி, எட்டு மேசை சுற்றி, எட்டுக் கையெழுத்தோடு மறுபடி என் மேசைக்கே 'தகுந்த நடவடிக்கைக்கு' என்று வந்து சேர்ந்த கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்கு வந்தது எங்கள் வாரியத்தின் வியாதி. தொற்ற வைத்தவன் நான்.

அவள் கையில் கடைசி டேக் இருந்தது. பச்சைக் கயிறு, தகரப் பூண், உள்ளே மடித்த நுனி, அதற்குள் தள்ளிய முடிச்சு. அதைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு விநாடி இருக்கும். பூமி பிளந்து என்னை மட்டும் விழுங்க ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்தேன். மாடிக் கட்டடம், கீழ் வீட்டுக்காரர் தலையில்தான் விழுந்திருப்பேன்.

அந்த வயரின் நுனியைப் பெட்டியிலிருந்து உருவினாள்.

வெறிபிடித்துச் சிமிட்டிய விளக்குகள் அப்படியே நின்றன. பிறகு ஒன்று சிமிட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு, தன் வேகத்தில், தூங்கி எழுந்தவர்கள் மாதிரி. கணினியில் தேர்வுப் பக்கம் திறந்தது. மணி பத்து முப்பத்திரண்டு.

"என்னக்கா ஆச்சு?" என்றார் மைத்துனன்.

"ஒரு ஒயர் லூஸா இருந்துச்சு" என்றாள். வயரின் மறுமுனையையும் கழற்றி, சுருட்டி, இழுப்பறையில் போட்டாள். "எல்லாரும் வெளிய போங்க. கதவைச் சாத்தணும்."

போனோம். சாத்திய கதவு வழியாகத் தேர்வுக் கண்காணிப்பாளரின் குரல் கேட்டது. கேமராவை இடது பக்கம் திருப்பச் சொன்னார், வலது பக்கம் திருப்பச் சொன்னார், மேசைக்கு அடியில் காட்டச் சொன்னார். அறை ரொம்ப ஒழுங்காக இருக்கிறது, நன்றி என்றார். எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. நான் அந்த ரகம்தான், மறைத்து என்ன பயன்.

பதினோரு மணிக்குத் தொடங்கும் தேர்வு, இரண்டு மணி நேரம். நாங்கள் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். மைத்துனன், தான் ரீசெட் செய்ததால்தான் அடிப்படை சரியானது, அதன்பின் எந்த வயரைத் தொட்டிருந்தாலும் வந்திருக்கும் என்றார். தலைமைப் பொறியாளர், எர்த் தானாகச் சரியாகிவிட்டது, சில நேரம் அப்படி ஆவதுண்டு என்றார். இரண்டு பேரும் என்னை நடுவராகப் பார்த்தார்கள். வழக்கமாக இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் நான் விடமாட்டேன். இரண்டு பலூனையும் ஒரே ஊசியில் குத்திவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அன்று நாற்காலியை இழுத்து ரூட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தேன். பதினொன்றரை மணிக்குத் தலைமைப் பொறியாளர் எர்த்தை இன்னொரு முறை உறுதிசெய்துகொள்ள டெஸ்டரோடு பிளக் பக்கம் வந்தார். மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். என் பணிக்காலத்தில் ஒரு பொறியாளரை நான் தடுத்தது அதுதான் முதல் தடவை.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவர்களை நன்றாகப் பார்க்க நேரம் கிடைத்தது. விடுமுறை நாளில் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கிறார் மைத்துனன். சட்டையில் கடைசிப் பொத்தான் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தது. லிஃப்ட் பழுது, முழங்கால் வலிக்கிற தலைமைப் பொறியாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வந்திருக்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் உதவிக்கு வந்தவர்கள். உதவவில்லை என்பது வேறு விஷயம். அந்த வீட்டில் அன்று காலை கெடுதல் செய்தது ஒரே ஆள்தான், அந்த ஆள் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை நல்ல பிஸ்கட்டாக எடுத்து வைத்தேன்.

அதைவிடப் பெரிய கடன் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்த ஒரு விநாடிப் பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மைத்துனன் அதை வைத்தே என்னை ஆயுள் முழுக்க ஓட்டியிருப்பார். தலைமைப் பொறியாளர் ஐந்து மாடிக்கும் அறிவித்திருப்பார். 'ஒரு ஒயர் லூஸா இருந்துச்சு.' எங்கள் வாரியத்தின் மொத்த வரலாற்றிலும் இவ்வளவு கருணையான அறிவிப்பை யாரும் வெளியிட்டதில்லை. இருபத்து நாலு வருடத் தாம்பத்தியம் என்பது இதுதான் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. தலைமைப் பொறியாளர் பார்த்துவிட்டு, எர்த் கோளாறு கண்ணையும் பாதிக்கும் என்றார்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. எழுதிவிட்டேன் என்றாள், ஒரு கேள்வியில் மட்டும் சந்தேகம் என்றாள். மைத்துனன் கைகொடுத்தார். தன் ஒன்பது பேருக்கும் இந்தச் சம்பவத்தை வைத்துத் திங்கட்கிழமை ஒரு கூட்டம் போடப்போவதாகச் சொல்லிவிட்டு, திறக்காத பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தலைமைப் பொறியாளர் காலண்டர் தாளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் படியேறினார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரமாக மனசுக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். 'வருத்தத்துடன்' என்ற வார்த்தை வாயில் வந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"அந்த ஒயரைச் செருகினது..."

"தெரியும். அந்த முடிச்சை வேற யாரு போடுவா."

"தெரிஞ்சும் அவங்க முன்னாடி என்னைக் காட்டிக்கொடுக்கலையே நீ."

அவள் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்துவிட்டுக் குழாயைப் பார்க்காத டாக்டரைப் பார்க்கிற பார்வை.

"சொன்னா மூணு பேரும் அங்கயே நின்னு அதையே பேசிட்டு இருப்பீங்க. எனக்கு எங்கங்க நேரம்?"

ரசத்தை எடுத்து வைக்கச் சொன்னாள். எடுத்து வைத்தேன்.

ஆனாலும் நன்றி நன்றிதான். காரணம் தப்பாக இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா? அந்த இரண்டு விரலுக்கு நான் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. அவள் எனக்காக ஒரு வருடத்தை விட்டவள்; அந்தப் பதினோரு பேருக்காக இன்னொரு வருடத்தை விட்டவள்; மூன்றாவது வருடத்தை ஒரு தகரப் பூண் வைத்த கயிற்றில் நான் கட்டி வைக்க, அவளே மண்டியிட்டு அவிழ்த்துக்கொண்டாள். மறுநாள் ஐந்து துளைப் பெட்டியின் ஒவ்வொரு வயரிலும் வார்டில் ஒட்டுகிற வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. 'கணினி', 'பிரிண்டர்', 'ஹால்'. காலியாக இருந்த இரண்டு துளைகளின்மேலும் குறுக்காக நாடா. ஒன்றும் எழுதவில்லை. யாருக்கு என்று எனக்குப் புரிந்தது.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். இப்போது பயிற்றுநர். முதல் வகுப்பில் இருபத்தாறு புது நர்சுகளுக்கு இரண்டு விரல் வைத்துக் குழாயோடு போகக் கற்றுக்கொடுத்தாளாம்.

வகுப்பு சனிக்கிழமைகளில். வீட்டை ஒழுங்கு பண்ணுவது இப்போது நான்தான்.